பெட்டியில் வராத இனிப்பு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறுகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "அக்கா, உங்க ஊர்லேர்ந்து என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்பதுதான். கோடாலித் தைலம், மைலோ, டப்பா பிஸ்கட் என்று பட்டியலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் மலேசியாவின் ஈப்போக்காரி. கல்யாணமாகி உறையூருக்கு வந்தவள். எனக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அதைப் பெட்டியில் வைக்க முடியாது, பாட்டிலில் அடைக்க முடியாது, காலையில் செய்தது மாலை வரை நின்றாலே பெரிது. தௌ ஃபூ ஃபா என்று பெயர். சோயாப் பாலை உறையவைத்து, ஏடு ஏடாகச் சீவிக் கிண்ணத்தில் போட்டு, மேலே பாகு ஊற்றித் தருகிற சீனர்களின் இனிப்பு.

சாப்பிடாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மாடு கன்று போட்ட வீட்டில் சீம்பால் சாப்பிட்டிருப்பீர்கள். அதைவிட இளசு இது. கரண்டியில் எடுத்தால் நடுங்கும், வாயில் வைத்தால் பல்லுக்கு வேலை கிடையாது. சூடாகச் சாப்பிட்டால் தொண்டை வழியே இறங்குவது நெஞ்சு வரைக்கும் தெரியும். முட்டை இல்லை, மாட்டுப்பால் இல்லை, நெய் இல்லை. நம் இனிப்புகளில் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும். அவசரப்படாமல் இரண்டாவது வாய் எடுங்கள். பாகுக்கு அடியில் சோயாவின் மெல்லிய மணம் எழும். அதற்குப் பிறகு கிண்ணம் காலியாவது தெரியாது.

நான் வளர்ந்த தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, அதை மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவார் ஒரு சீனத் தாத்தா. பின்னிருக்கையில் பெரிய எவர்சில்வர் பீப்பாய், அதைச் சுற்றி சூடு போகாமல் துணி. பக்கத்தில் பாகுக்கு ஒரு தூக்கு. முனை திரும்பும்போதே ஹாரன் கேட்டுவிடும். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அவருக்குத் தங்கச்சிதான், "தங்கச்சி, மாவ் பெராப்பா?" என்பார். எத்தனை வேண்டும் என்று அவர் மலாயில் கேட்க, நாங்களும் மலாயில் பதில் சொல்ல, வியாபாரம் முடியும். மலேசியாவில் சீன வியாபாரிகள் நம் பெண்களை இன்றும் தங்கச்சி என்றும், ஆண்களை அண்ணே என்றும்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் வேறு ஒரு வார்த்தையும் தெரியாதவர்கூட அந்த இரண்டையும் தெரிந்து வைத்திருப்பார்.

நான் கண்கொட்டாமல் பார்த்தது அவர் கையில் இருந்த கரண்டியை. குழி கிடையாது. உள்ளங்கை அகலத்தில் தட்டையான தகடு, நீளமான காம்பு. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். மேலே கசிந்து நிற்கும் தண்ணீரை முதலில் வழித்து வீசுவார். பிறகு கரண்டியைப் படுக்கவைத்து, குத்தாமல், அழுத்தாமல், மேலாக ஒரு இழுப்பு. காகிதம் போல ஓர் ஏடு வரும். கிண்ணத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏடுகள் சரிந்து விழும். கடைசியில் பாகை ஓரமாகச் சுற்றி ஊற்றுவார், நடுவில் ஊற்ற மாட்டார். ஆழமாகத் தோண்டி எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். விவரம் பிறகுதான் தெரிந்தது. இந்த உறைவு தனக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கத்தி பட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் கசியத் தொடங்கும். தோண்டினால் பீப்பாய் முழுக்கக் குளமாகிவிடும். மேலிருந்து சீவினால் அடியில் இருப்பது கடைசி வாடிக்கையாளர் வரைக்கும் கெட்டியாக நிற்கும்.

பெட்டியில் வராது என்று நான் சொன்னதற்கும் இதுதான் காரணம். விமானம் வரை போக வேண்டாம், பக்கத்துத் தாமானுக்குப் பொட்டலம் கட்டினாலே பாதி நீர்த்துவிடும். பாகைத் தனிப் பையில் கட்டித் தருவார்கள். வீட்டுக்கு வந்து சேர்த்தாலும் அது வேறு பண்டம்தான்.

செய்முறை பார்ப்பதற்கு எளிது. சோயாவை இரவு ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, பாலைக் கொதிக்க விடுகிறார்கள். பச்சை வாடையும், செரிமானத்தைக் கெடுக்கும் பொருளும் போக நன்றாகவே கொதிக்க வேண்டும். இன்னொரு பெரிய பாத்திரத்தில் ஜிப்சத்தையும் கொஞ்சம் மாவையும் தண்ணீரில் கரைத்து வைத்திருப்பார்கள். ஜிப்சம் என்றதும் வீட்டுக் கூரைக்கு அடிக்கும் பலகை நினைவுக்கு வரும். அதே கால்சியம் சல்பேட்தான், உணவுக்கென்று சுத்தம் செய்தது. சோயாப் புரதத்தைக் கட்டுவது அந்தக் கால்சியம். பிறகு வருவது ஒரு நிமிடக் காரியம். கொதிக்கும் பாலை உயரத் தூக்கி, ஒரே மூச்சில் அந்தக் கரைசலின் மேல் கவிழ்க்க வேண்டும். அந்த வேகமே கலக்கிவிடும். அதற்கப்புறம் கரண்டி போடக்கூடாது. நுரையை எடுத்துவிட்டு, துணி போட்டு மூடி, ஒதுங்கி நிற்க வேண்டும். உறையும் நேரத்தில் யாராவது கலக்கினால் திரிதிரியாகப் பிரிந்து, பிழிந்து கட்டும் தோஃபுவுக்குத்தான் ஆகும். அப்பாவோடு ஒரு கடையின் பின்கட்டில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். பாலைக் கவிழ்த்தவர் கையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஈப்போவில் அது ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டால் ஊரில் யாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தண்ணீர். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். அங்கிருந்து வரும் தண்ணீரில்தான் ஈப்போவின் குட்டையான தடித்த தௌகே முளைக்கிறது, கொய்த்தியோ என்கிற அரிசி நூடுல்ஸ் வழுவழுப்பாகிறது, தௌ ஃபூ ஃபா பட்டாகிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தௌகே என்பது முளைகட்டிய பயறு. நம் ஆட்கள் கச்சான் பூத்தே என்கிற கடலை வறுத்துப் பேர் வாங்கிய ஈப்போவின் புந்தோங்கில்தான் அதுவும் முளைக்கிறது. சீனர்கள் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு வந்தார்கள், நம்மவர்கள் ரப்பருக்கும் ரயிலுக்கும் வந்தார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஒருவர் கடலையும் ஒருவர் பயறும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். தண்ணீர்தான் காரணமா, தலைமுறையாகப் பழகிய கை காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஈப்போவைத் தாண்டிச் சாப்பிடும் ஒவ்வொரு கிண்ணத்திலும் என் நாக்கு ஒரு குறை தேடும் என்பது மட்டும் நிச்சயம்.

தைப்பூச விரதத்தில் அம்மா வெளியில் எதையும் வாங்கித் தர மாட்டார். எந்தச் சட்டியில் எதைப் பொரித்தார்களோ என்ற பயம். தௌ ஃபூ ஃபாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலில் காவடி பார்த்து, வெயிலில் கால் பொசுங்கி, அப்பாவின் தோளில் தூங்கி வழிந்த பிள்ளைகளுக்கு அன்று குளிர்ந்த கிண்ணம் கிடைக்கும். கோயிலுக்குத் தேங்காய் உடைக்கவும் பால்குடம் எடுக்கவும் வந்த சீனர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நெற்றியில் விபூதியோடு.

பயணம் போகிறவர்களுக்காக மற்ற ஊர்களையும் சொல்கிறேன். கோலாலம்பூரில் பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் போங்கள். கைப்பையும் கடிகாரமும் வாங்கப் போகிற தெருதான். அங்கே தள்ளுவண்டியில் சோயாப் பாலும் தௌ ஃபூ ஃபாவும் விற்பார்கள். அதை ஒட்டிய சந்து ஒன்றை இன்றும் மெட்ராஸ் லேன் என்றே சொல்கிறார்கள். முன்பு அங்கே மெட்ராஸ் தியேட்டர் இருந்ததால் வந்த பெயர். இப்போது அந்தச் சந்து கறி மீ என்கிற குழம்பு நூடுல்ஸுக்குப் பெயர்போனது. மற்ற ஊர்களில் பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் தேடினால் கிடைக்காமல் போகாது.

ஹொக்கியன் பேச்சில் பினாங்கில் தௌ ஹுவா என்றும் சிங்கப்பூரில் தௌ ஹுவே என்றும் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் நம்மவர்கள் எப்படியும் லிட்டில் இந்தியாவான தேக்கா போவார்கள். சிராங்கூன் சாலையின் நீட்சிதான் செலிகி சாலை. அதிலேயே நடந்தால் ஷார்ட் ஸ்திரீட் பக்கம் ரோச்சோர் பீன்கர்ட் கடைகள் வரும். இரவு வெகுநேரம் திறந்திருக்கும். சீனர்களின் நீள எண்ணெய்ப் பலகாரத்தைப் பிய்த்துப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடியில் லாவ் பான் என்ற கடை 2010-ஐ ஒட்டி ஒரு புது வகையைப் பிரபலமாக்கியது. குளிரக் குளிர, ஜெல்லி போல, பாகே இல்லாமல். வரிசையில் நின்று இளைஞர்கள் வாங்கினார்கள். நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஏடு இல்லை, ஆவி இல்லை, என் மனம் அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க மறுக்கிறது. அந்த மாதிரிப் புது வகைகளில் ஜெல்லிப் பொடியும் பால் பொடியும் சேர்ப்பவர்கள் உண்டு. சைவர்கள் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

ஹாங்காங் போகிறவர்கள் ஷாம் ஷுய் போவில் பெய் ஹோ தெருவிலுள்ள குங் வோ கடையைத் தேடுங்கள். 1893-இல் தொடங்கிய பெயர் அது. முன்னால் பொரித்த தோஃபு, உள்ளே நெருக்கியடித்த மேசைகள். சர்க்கரையைப் பாகாக ஊற்றாமல் பழுப்புச் சர்க்கரைத் தூளாக மேசையில் வைத்திருப்பார்கள், நாமே தூவிக்கொள்ளலாம். தைவானில் வேர்க்கடலை, சிவப்புப் பயறு, சேப்பங்கிழங்கு உருண்டை என்று கிண்ணம் நிறைய அடுக்குவார்கள். தைனான் நகரத்தின் அன்பிங் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. பிலிப்பைன்ஸில் காலையில் தோளில் காவடி போலக் கம்பும் இரண்டு அலுமினிய வாளிகளுமாகத் தெருவில் கூவிக்கொண்டே வருவார்கள். அங்கே தாஹோ என்று பெயர், ஜவ்வரிசியும் போட்டுத் தருவார்கள். தாய்லாந்தில் இஞ்சிப் பாகு, காரம் சுருக்கென்று ஏறும். வட சீனாவில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே இதே உறைவைச் சோயா சாஸ் விட்டு உப்பாகச் சாப்பிடுகிறார்கள், பெரும்பாலும் இறைச்சியும் சேரும். தெற்கே இனிப்பு, வடக்கே உப்பு என்று அந்த நாட்டுக்குள்ளேயே ஓயாத வழக்கு ஒன்று நடக்கிறது. அதில் நான் தெற்கத்திக்காரி.

இங்கே திருச்சியில் சோயா என்றால் மீல் மேக்கர்தான். சூப்பர் மார்க்கெட்டில் தோஃபு பாக்கெட் கிடைக்கிறது, அது கல். வீட்டில் நானே பால் எடுத்து உறையவைப்பதுண்டு. நன்றாகவே உறைகிறது, பிள்ளைகள் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எனக்குத்தான் போதவில்லை. சின்னச் சட்டியில் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. பெரிய பீப்பாயில், பொத்திவைத்த சூட்டில், மெல்ல மெல்ல உறைவதற்கு ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதம் வர வேண்டுமென்றால் தெருவே சாப்பிட வேண்டும். ஒரு பீப்பாயைக் காலி செய்ய ஒரு தாமான் வேண்டும், கிண்ணத்தோடு ஓடிவரும் பிள்ளைகள் வேண்டும், ஹாரன் அடித்துக்கொண்டு ஒருவர் முனையில் திரும்ப வேண்டும். உறையூரில் அதை நான் எங்கிருந்து வரவழைப்பது? பிறந்த ஊரை நினைத்து ஏங்குகிறவர்களைப் பார்த்து, சாப்பாடுதானே என்கிறார்கள். சாப்பாடுதான். அதைவிடப் பெரிதாக எதை நினைத்து ஏங்குவார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

ஆகவே போகிறவர்களே, ஒரு நாளை ஈப்போவுக்கு ஒதுக்குங்கள். கேஎல் சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரம் போல ஆகும். வெள்ளைக் குவிமாடம் வைத்த ஸ்டேஷனில் இறங்கி, பழைய ஊரைக் கடந்து, கிந்தா ஆற்றுப் பாலம் தாண்டினால் புது ஊர். அங்கே ஃபன்னி மவுண்டன் என்ற கடையை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். சாலையோரம் காரை நிறுத்தி, காருக்குள்ளிருந்தே வாங்கிச் சாப்பிடும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் தீர்ந்துவிடலாம். பொட்டலம் கட்டச் சொல்லாதீர்கள், அங்கேயே சாப்பிடுங்கள். ஈப்போவில் எந்தக் கடைக்குப் போனாலும் சூடா குளிரா என்று கேட்டால் சூடு. வெள்ளைப் பாகா கறுப்புப் பாகா என்று கேட்டால் கறுப்பு. முதல் கிண்ணம் உங்களுக்கு. வயிற்றில் இடம் இருந்தால் எனக்காக இன்னொன்று.