உத்தானத்தில் ‘புரதம் இல்லை’

ஆந்திரத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில், வங்கக் கடலை ஒட்டி உத்தானம் என்றொரு நிலப்பகுதி உண்டு. தென்னையும் முந்திரியும் அடர்ந்த பூமி. உத்தியானவனம் என்பதன் மரூஉவே இப்பெயர் என்பர். கவிட்டி, சோம்பேட்டா, பலாசா முதலிய மண்டலங்களை உள்ளடக்கிய அப்பகுதியில் பல ஆண்டுகளாகச் சிறுநீரகச் செயலிழப்பு வழக்கத்துக்கு மீறிய அளவில் காணப்பட்டு வருகிறது. சர்க்கரை நோய் இல்லாதவர்களையும், நெடுநாள் இரத்தக் கொதிப்பு இல்லாதவர்களையும் அது பற்றுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வெயிலில் உழைக்கும் உழவர்கள், கூலித் தொழிலாளர்கள். நிலத்தடி நீர், பூச்சிக்கொல்லி, வெப்பம், நீரிழப்பு, மரபணு என்று ஐயங்கள் பல எழுந்திருக்கின்றன, எதுவும் உறுதிப்படவில்லை. மருத்துவ இலக்கியம் இதற்கு இட்டிருக்கும் பெயரே ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’ என்பதுதான். இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், நிகராகுவா, எல் சால்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் அறியப்பட்டிருக்கிறது.

இந்நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்தால் பெரும்பாலும் புரதம் இராது, இருந்தாலும் சொற்பமே. சிறுநீரகம் கெட்டால் புரதம் கசியும் என்று கற்றவர்களுக்கு இது முரணாகத் தோன்றும். சிறுநீரில் உள்ள புரதம் எதனுடைய அளவு என்பதைச் சற்று நின்று பார்த்தால் முரண் விலகிவிடும்.

ஒரு நாளில் சிறுநீரகங்களின் வழியே செல்லும் இரத்தத்தில் ஏறக்குறைய 30 கிலோவுக்கும் மேற்பட்ட அல்புமின் கடந்து போகிறது. அதில் 30 மில்லிகிராம்கூட சிறுநீரில் சேர்வதில்லை. குளோமெருலஸ் எனப்படும் நுண்ணிய தந்துகி முடிச்சுகளின் சுவர் அதைத் தடுக்கிறது. தப்பி இறங்கும் சிறிதளவையும் அடுத்துள்ள நுண்குழல்கள் மீட்டுக்கொள்கின்றன. நலமுள்ளவரின் சிறுநீரிலும் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்குள் புரதம் இருக்கும். அதில் கணிசமான பகுதி இரத்தத்திலிருந்து வந்ததன்று. யூரோமாடுலின் என்ற பெயரில் சிறுநீரகக் குழல்களே சுரப்பது. ஆகவே அல்புமின் மிகுந்து தோன்றினால் அது முதன்மையாக வடிகட்டியின் சேதத்தைக் காட்டுகிறது. சிறுநீரகத்தின் பிற பகுதிகளைப் பற்றி அது பேசுவது குறைவு.

இச்சோதனை பிறந்த கதையிலேயே இந்த எல்லைக்கான காரணம் இருக்கிறது. சிறுநீரைச் சூடாக்கினால் சிலருடையது திரிகிறது என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1827இல் வெளியிட்ட நூலில் மூன்று செய்திகளை ஒன்றாகக் கோத்தார்: உடல் வீக்கம், சூட்டில் திரியும் சிறுநீர், இறந்தபின் அறுத்துப் பார்க்கையில் உருக்குலைந்த சிறுநீரகம். கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவதே கருவி. மருத்துவ வரலாற்றின் அழகான இணைப்புகளில் இதுவும் ஒன்று. ஆனால் பிரைட்டின் கட்டிலுக்கு வந்தவர்கள் வீங்கிய நோயாளிகள். புரதத்தை இழந்ததால்தான் பலர் வீங்கினார்கள். வீங்காமல், கசியாமல், மெல்லச் சுருங்கிய சிறுநீரகங்கள் அந்தக் கரண்டிக்கு எட்டுவது அரிது. இன்றைய பரிசோதனைப் பட்டையும் அந்தக் கரண்டியின் வழித்தோன்றலே.

பட்டையின் முனையிலுள்ள சாயம் அல்புமினைக் கண்டால் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு பிளஸ் என்பது 100 மில்லிலிட்டரில் சுமார் 30 மில்லிகிராம். இது செறிவே தவிர மொத்த அளவன்று என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் புரதத்தை இழக்கும் ஒருவர் 3 லிட்டர் சிறுநீர் கழித்தால் செறிவு 10 ஆகிறது. பட்டை ‘இல்லை’ என்கிறது. அவரே வெயிலில் நீரின்றி உழைத்து 600 மில்லிலிட்டர் மட்டும் கழித்தால் செறிவு 50. பட்டை ஒரு பிளஸ் காட்டுகிறது. நோய் ஒன்றே, அறிக்கைகள் இரண்டு. காய்ச்சலும் கடும் உழைப்பும் தற்காலிகமாகப் புரதத்தை ஏற்றிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், வயலிலிருந்து நேரே முகாமுக்கு வரும் தொழிலாளியிடம் எடுத்த ஒற்றை மாதிரியை நம்பி எப்பக்கமும் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

கிரியாட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்வது இக்குறையைப் போக்கவே. வயது வந்தவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் கிரியாட்டினினை வெளியேற்றுவதால், ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற எண் ஒரு நாளின் மொத்த இழப்புக்கு நெருங்கி வரும். அல்புமின் விகிதம் 30க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 300ஐத் தாண்டினால் கடுமை. மொத்தப் புரதம் நாளுக்கு 3.5 கிராமைத் தாண்டும்போது உடல் வீக்கத்தோடு கூடிய நெஃப்ரோடிக் நிலை. எனினும் தசை குறைந்த மெலிந்த உடலில் கிரியாட்டினின் குறைவாகவே உருவாகும். அங்கே விகிதம் உள்ளதைவிட மிகுதியாகத் தெரியும். ஊட்டமின்றி வளர்ந்த உடல்கள் மிகுந்த நாட்டில் இது சிறு குறிப்பன்று.

சர்க்கரை நோயில் இச்சோதனையின் பயன் ஐயத்துக்கு இடமற்றது: இரத்தத்தில் கிரியாட்டினின் உயரும் முன்பே அல்புமின் கசிவு பலரிடம் வெளிப்பட்டுவிடும். கருவுற்ற 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்கையிலும் அவ்வாறே. மயலோமா என்னும் புற்றுநோயில் நிலைமை வேறு. அதில் வெளியேறும் இலகு சங்கிலிப் புரதங்களைச் சாயப்பட்டை பெரும்பாலும் தவறவிடும்.

உத்தானத்தில் நடப்பது இவற்றினின்று மாறுபட்டது. அங்கு எடுக்கப்பட்ட திசு மாதிரிகளில் முதன்மையாகப் பழுதுற்றிருப்பவை நுண்குழல்களும் அவற்றைச் சூழ்ந்த இடைத்திசுவுமே. அவை தழும்பேறிச் சுருங்குகின்றன. வடிகட்டியின் சுவர் பெருமளவு ஓட்டையின்றி இருக்க, வேலை செய்யும் முடிச்சுகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. கசிவு இல்லாததால் நுரை இல்லை, வீக்கம் இல்லை, வலியும் இல்லை. முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர் ‘புரதம் இல்லை’ என்ற தாளை மடித்து வைத்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார். பசியின்மையும் களைப்பும் அவரை மருத்துவமனைக்கு இட்டுச்செல்லும் நாளில் டயாலிசிஸ் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். பலாசாவில் 2023 டிசம்பரில் சிறுநீரக ஆய்வு மையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. அங்கே போய்ச் சேரவும் ஒருவர் தாம் நோயாளி என்று முதலில் அறிந்திருக்க வேண்டும்.

அதை அறிவிப்பது இரத்தக் கிரியாட்டினினும் அதிலிருந்து கணிக்கப்படும் வடிகட்டும் வேகமும். கணிப்புச் சூத்திரங்களும் பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. மெலிந்தவரின் நோயைக் குறைத்துக் காட்டும் குணம் அவற்றுக்கு உண்டு. இருந்தும் பட்டை காணாத இடத்தில் அவை காண்கின்றன. வேகம் 60க்குக் கீழ் வந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் அதே நிலை நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்று பெயரிடலாம். முகாம் முடிந்து கூடாரம் பிரிக்கப்பட்ட பின், அந்த மூன்றாம் மாதத்தில், அதே மனிதரைத் தேடிச் சென்று இன்னொரு முறை இரத்தம் எடுப்பவர் யார் என்பது இந்தியாவின் பெரும்பாலான ஊர்களில் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.