பி.காம்., பழவேற்காடு

நான் பி.காம். இதைச் சொன்னால் பத்திரிகை ஆபீஸ்களில் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் பரிதாபமாக. இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர்கள் அதைவிடப் பரிதாபமாக. வருமான வரிக் கணக்கு கொடுக்கிற சீசனில் மட்டும் இரண்டு கோஷ்டியும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடும்.

பிடித்தா படித்தேன்? பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். அதற்கு மேல் யோசிக்க வீட்டில் வசதி இல்லை. 'உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். உள்ளே வருவது எப்படி சார் பற்று ஆகும் என்று கேட்ட ஒருவனுக்குப் பதில் முதுகில் விழுந்தது. பிறகு பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். இரண்டரை வருஷம் வவுச்சர்களுக்குப் பச்சை மையில் டிக் அடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துணுக்கு எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். ஐம்பது ரூபாய் மணியார்டர் வந்த அன்று ஆபீஸில் எல்லோருக்கும் டீ. டீச் செலவு போக மிச்சமில்லை என்றாலும், அச்சில் பெயர் வந்த போதை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராதது. 2004-ல் பயிற்சி நிருபர் ஆனேன்.

அந்த வருஷம் டிசம்பர் 26 உங்களுக்கு நினைவிருக்கும். சீனியர்கள் நாகப்பட்டினம் போனார்கள். கத்துக்குட்டிக்குப் பக்கத்து ஊர். "பொன்னேரி போய் அங்கேர்ந்து பஸ் பிடி, பழவேற்காடு. சாயங்காலத்துக்குள்ள வந்துடு" என்றார்கள். நான் திரும்பியது நாலாவது நாள்.

கடல் ஓரத்துக் குப்பங்களில் படகு எங்கே, வலை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் பட்டியல் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கோட்டைக்குப்பத்தில் நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். யார் வீட்டில் எத்தனை வலை, யார் யாருக்கு என்ன பாக்கி, எல்லாம் அதில் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்பு ஒருவருக்கு உபயோகப்பட்டது. அந்த நோட்டில்தான் 'பாடு' என்ற வார்த்தையைப் பார்த்தேன்.

நமக்குப் பாடு என்றால் கஷ்டம். அங்கே பாடு என்பது ஏரியில் வலை கட்டுகிற இடமும், அங்கே வலை கட்டுகிற முறையும். பழவேற்காடு ஏரி ரொம்ப ஆழமில்லாதது. உப்புநீர் ஏரிகளில் இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு மூலை நம்மிடம். கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும்போது இறாலும் கூடவே போய் வரும். அது போய் வருகிற தடத்தில் வலை கட்டினவனுக்குக் கொண்டாட்டம். நாலு தப்படி தள்ளிக் கட்டினவனுக்குப் பட்டினி. அப்படியிருந்தால் தினமும் வெட்டுக்குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என்று மூன்று ஊர்க்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு முறை போடுகிறார்கள். எந்த ஊர் எந்த நாள், அதற்குள் எந்தக் குடும்பம் எந்த இடம் என்று குலுக்கலும் சுழற்சியும். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை வேறு ஒருவனுக்கு. சர்க்கார் போட்ட சட்டமில்லை. தலைமுறைகளாக நடக்கிறது. மீன்வள ஆய்வாளர்கள் இதைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆடிட்டர் ஆபீஸில் நான் பார்த்த எந்தக் கணக்கைவிடவும் இது சுத்தம்.

முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேரேட்டில் பெண்களுக்குப் பக்கம் கிடையாது. பாடு என்பது பட்டினவர் குடும்பத்து ஆண்களின் உரிமை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள், இருளர்கள், பிழைக்க வழியில்லாமல் பின்னால் ஏரிக்கு வந்த மற்ற சாதிக்காரர்கள் எல்லாரும் கணக்குக்கு வெளியே. இதை அங்கே சொன்னால் சிரித்துவிட்டு டீ கொடுப்பார்கள். இருபது வருஷமாக டீ குடிக்கிறேன்.

ஆமாம், இருபது வருஷமாகப் போகிறேன். வேலைக்காகப் போனது பாதி, சும்மா போனது பாதி. ஊட்டி, சிம்லா என்று ஆபீஸ் செலவில் சுற்றியதுண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலி என்றால் கால் போகிற இடம் இதுதான். குளிர் மாதங்களில் பூநாரைகள் வந்திருக்கும். தூரத்தில் யாரோ ரோஸ் கலர் புடவையைத் தண்ணீரில் அலசிக் காயப் போட்டது மாதிரி ஒரு கோடு தெரியும். பைனாகுலர் வைத்தால் அந்தக் கோட்டுக்குக் கால் முளைக்கும். பறவை பார்ப்பது என் ஹாபி என்று பந்தாவாகச் சொல்லிக்கொள்வேன். பார்த்தது ஐம்பது அறுபது வகை. பெயர் தெரிந்தது அதில் பாதி.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு குரு உண்டு. மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். தாவரவியலில் எம்.ஏ., அப்புறம் சட்டம். சண்டூர் சமஸ்தானத்தில் வாத்தியார் வேலை, நீதிபதி வேலை என்று கொடுத்ததையெல்லாம் பார்த்தார். 1950-ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி ஆரம்பித்தார். 1996-ல் அவர் இறக்கும்வரை, சுமார் 46 வருஷம், அது வந்தது. மாதச் சம்பள வேலைகளை விட்டுவிட்டு, எழுதியும் போட்டோ எடுத்துமே காலம் தள்ளினார். பத்தி எழுதுகிற எவனுக்கும் இந்த 46 என்ற எண் வயிற்றைக் கலக்கும். எனக்கு நாலாவது வாரமே விஷயம் தீர்ந்துவிட்டது மாதிரி இருந்தது.

பழவேற்காட்டில் எனக்குப் பிடித்த இன்னோர் இடம் கல்லறை. முகம் சுளிக்காதீர்கள். டச்சுக்காரர்களுக்கு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் இதுதான் தலைநகர். 1613-ல் ஜெல்ட்ரியா என்று கோட்டை கட்டினார்கள். 1690-ல் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கோட்டை இன்று மண்மேடும் முள்புதரும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கும். உள்ளே கருங்கல்லில் அழகழகாக டச்சு எழுத்து. பெயர், ஊர், கம்பெனியில் வகித்த பதவி, செத்த தேதி. பயோடேட்டா எழுதத் தெரியாதவர்கள் அங்கே ஒரு நடை போய் வரலாம். டச்சுக் கம்பெனியின் பதவி வரிசையில் 'புக் கீப்பர்' என்று ஒரு படி உண்டு. நம்ம ஆட்கள்! துணி, மிளகு என்று கணக்கு எழுதிய அதே கை, இங்கிருந்து கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பிய அடிமைகளையும் சரக்காகக் கணக்கெழுதியது. டேனியல் ஹாவர்ட் என்ற கம்பெனி ஊழியர் 1693-ல் இந்தக் கரையில் டச்சுக்காரர்கள் வாழ்ந்து கெட்ட கதையை ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாகப் போட்டார். அதில் கல்லறை வாசகங்களையும் சேர்த்திருக்கிறார். கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டு எழுத வந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு பாசம்.

படகில் ஏறி ஏரியைச் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாக வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். செய்தி சேகரிக்கப் போனவன் நான். அதற்கப்புறம் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். கரையில் நின்றே எல்லாம் தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால்கூடத் தெரியும். அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்பது உத்தரவு. நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு லீவு. சம்பளம் இல்லாத லீவு.

இந்த ஊரிலிருந்துதான் ஒரு பையன் போன மாதம் போன் பண்ணினான். நோட்டுப் பெரியவரின் அண்ணன் பேரன். பி.காம். கடைசி செமஸ்டர் முடித்திருக்கிறான். "சார், உங்களை மாதிரி எழுதறவனா ஆகணும்னா இன்னா படிக்கணும்?"

அப்பாவுக்கு வயசாகிறது. பாடு முறை வீட்டில் இருக்கிறது, வந்து வலையைப் பிடி என்கிறார். அம்மா, துறைமுகத்துப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போ என்கிறார். இவனுக்கு எழுத வேண்டும். என்ன எழுத என்று கேட்டேன். "அதான் சார் தெர்ல."

நூறு நடிகர்களிடம், எப்படி சார் இந்த ஃபீல்டுக்கு வந்தீங்க என்று கேட்டுப் பிழைத்தவன் நான். கேட்பது சுலபம். இங்கே ஒரு வீட்டின் வரும்படி சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால் கணக்காகவே சொன்னேன்.

முதலில் என் பக்கம். 2020 கொரோனாவில் நான் இருந்த ஆபீஸில் ஒரே வாரத்தில் பதினொரு மேசை காலியானது. என் மேசை தப்பியதற்கு என் எழுத்து காரணமில்லை. கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து வேலை செய்வேன் என்று ஒப்புக்கொண்டதுதான் காரணம். பத்தி எழுதி வருகிற பணத்தில் மாத மளிகை வாங்கலாம், வாடகை கொடுக்க முடியாது.

அடுத்து ஏரியின் பக்கம். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொள்கிறது. அடைத்தால் இறால் உள்ளே வராது, படகு வெளியே போகாது. தோண்டத் தோண்ட மூடும். நிரந்தரமாகத் திறந்திருக்கக் கல்சுவர் போடும் திட்டம் ரொம்பப் போராடி வந்தது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரில் இருப்பதை ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கராக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்து இரண்டும் தள்ளிப்போயின. அவன் அம்மா சொல்கிற கம்பெனி வேலையும், அவன் அப்பா சொல்கிற ஏரியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நான் இதைப்பற்றி எட்டோ ஒன்பதோ கட்டுரை எழுதியிருக்கிறேன். "நீங்க எழுதினா மண்ணு நகருமா சார்?" என்று அவன் அப்பாவே ஒருமுறை கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நகராது என்றேன்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பையன், "புக்கு இன்னா படிக்கலாம்?" என்றான். விடமாட்டான் போலிருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' இரண்டையும் சொன்னேன். ரெண்டுமே தெற்கத்திக் கடல். இவன் ஏரியைப் பற்றி ஸ. வெம். ரமேஷ் தெலுங்கில் 'ப்ரளய காவேரி கதலு' எழுதியிருக்கிறார். அந்தக் கரைக்காரர்கள் எழுதிவிட்டார்கள் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் அவனுக்குச் சொன்னது இதுதான்: அரசுத் தேர்வுக்கோ கம்பெனிக்கோ மனுப் போடு, அதை விடாதே. கூடவே வீட்டு முறை வருகிற ராத்திரிகளில் அப்பாவோடு ஏரிக்குப் போ. மறுநாள் அரைப் பக்கம் எழுது. கவிதை வேண்டாம். கணக்கு மாதிரி எழுது.

போன செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் வந்தது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி இங்கே தருகிறேன்.

'ராத்திரி எங்க முறை. இடம் சுமார். காலையில இறால் நாலு கிலோ, நண்டு ஏழு, மடவை கொஞ்சம். வியாபாரி கிலோவுக்கு நாப்பது ரூபா குறைச்சார். அம்மா சண்டை போட்டு இருபது ஏத்தினாங்க. திரும்பி வரும்போது அப்பா கழியை என் கையில கொடுத்துட்டு உக்காந்துட்டார்.'

அதற்கு முன்னால் அவர் கழியைக் கொடுத்ததுண்டா என்று கேட்டு பதில் போட்டிருக்கிறேன். இன்னும் நீல டிக் விழவில்லை. இந்நேரம் ஏரியில் இருப்பான்.