கேஸ் முடிந்தது, தண்டனை முடியவில்லை



கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறி, கரியாலூரில் நாங்கள் நான்கு பேர் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சாதிச் சான்றுக்கும் வன உரிமைப் பட்டாவுக்கும் மனு எழுதிக் கொடுக்கத்தான் போயிருந்தோம். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, டீக்கடை ஓரமாகத் தயங்கி நின்ற ஒரு தம்பி பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, எம் பேருல இருக்கற கேஸை அழிக்கறதுக்கு மனு இருக்குதா?"

பத்தொன்பது வயதில், ஒரு நாள் கூலிக்காக லாரி டியூபில் சாராயம் சுமந்து இறங்கியவர்களோடு அவனும் பிடிபட்டிருக்கிறான். காய்ச்சியவனும் விற்றவனும் வேறு ஆட்கள். அவனுக்கென்று வக்கீல் இல்லை. அவன் அம்மா சொன்னார்: "ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டா இன்னையோட முடிஞ்சிடும்னாங்க சாமி. கடன் வாங்கிக் கட்டுனோம். முடிஞ்சுதுன்னுதான் நெனச்சோம்."

முடியவில்லை. சில வருடம் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனான். பிறகு சமவெளியில் ஓர் அரசுக் கட்டடத்தில், ஒப்பந்த நிறுவனம் மூலம் தூய்மைப் பணி கிடைத்தது. இரண்டு மாதம் கக்கூஸ் கழுவினான். அதன்பிறகுதான் போலீஸ் சான்று கேட்டார்கள். பழைய கேஸ் தெரிந்த அன்றே, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. தூய்மைப் பணிக்கும் சாராய டியூபுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

ஊர் திரும்பி, சட்டங்களைப் புரட்டிப் பார்த்தோம். அரசு அலுவலக வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகள் பெரும்பாலும் தனியார் ஏஜென்சி ஆட்கள்தான். அவர்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்கிறது. என்ன குற்றம், எத்தனை வருடத்துக்கு முன் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மற்ற ஒப்பந்த வேலைகளில் போலீஸ் சான்றை வைத்து முடிவெடுப்பது பெரும்பாலும் காண்ட்ராக்டரின் விருப்பம்.

சரி, காண்ட்ராக்டருக்கு என்ன விதி? மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 151ஆவது விதியைப் படியுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றாலோ, அரசு ஒப்பந்த வேலையின்போது உயிருக்கோ உடைமைக்கோ சேதம் விளைவித்தோ பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து உண்டாக்கியோ தண்டனை பெற்றாலோ அவரை விலக்கி வைக்க வேண்டும். அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு.

கவனியுங்கள் தோழர்களே. முதலாளி விஷயத்தில் அரசு மூன்று கேள்வி கேட்கிறது. தண்டனை ஆகியிருக்கிறதா? அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டா? எத்தனை காலத்துக்கு விலக்கலாம்? நியாயமான கேள்விகள்தான். அதே டெண்டரில் விளக்குமாறு பிடிக்கும் தொழிலாளிக்கு மட்டும் இந்த மூன்றும் கிடையாது. அவனுக்கு ஓர் எஃப்.ஐ.ஆர். போதும். அது என்ன கேஸாக இருந்தாலும் சரி, ஆயுசுக்கும் தொடரும்.

"சாராயக் கேஸ்காரனுக்கு வக்காலத்தா?" என்று சிலர் கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதில் செத்தது நம் சனம். அந்தத் தெருவில் பாடைகள் வரிசையாகக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் புழங்கும் ரசாயனம், மலைக் காட்டில் பேரலில் ஊறும் சரக்கு அல்ல. அதன்பிறகு சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள்வரை கூட்டினார்கள். மெத்தனால் விற்றவனைத் தண்டிக்கட்டும், அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. டியூப் சுமந்த கூலிக்காரனின் பிழைப்பைக் காலத்துக்கும் மூடினால் அவன் மறுபடி எங்கே போவான்? டியூபுக்குத்தான் போவான்.

யாருக்குக் கேஸ் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போலீஸ் எங்கே தேடுகிறதோ அங்கேதான் ரெக்கார்டு சேரும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை. நிலமும் ரோடும் பள்ளியும் கிடைக்காத சனத்துக்குச் சாராயமும் செம்மரமும் கூலி வேலையாக வந்து சேர்ந்தன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களையும் அந்தக் கூலிதான் கூட்டிப்போனது.

பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்று எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. சுதந்திரத்தை ஒட்டி அது ஒழிந்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். உள்ளே இருக்கும்போது நீ கக்கூஸ் கழுவத்தான் லாயக்கு என்றார்கள். வெளியே வந்தால் அந்த வேலைக்கும் நீ லாயக்கில்லை என்கிறார்கள்.

மாற்று வழி இருக்கிறது. அமெரிக்காவில் சிறை சென்று திரும்பியவர்களே, அதிலும் கறுப்பின மக்கள் முன்னின்று, வேலை விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி கேட்கும் கட்டத்தை நீக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்கள். 2019இல் சட்டம் வந்தது. மத்திய அரசு அலுவலகமோ அதன் ஒப்பந்த நிறுவனமோ, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் குற்றப் பின்னணியைக் கேட்கக் கூடாது. ஒருசில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இது மலைத் தம்பியின் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். மறியலில் உட்கார்ந்த நம்மில் எத்தனை பேர்மீது கேஸ் இருக்கிறது! ஆகவே சிலவற்றை மனதில் வையுங்கள்.

வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனைதான். தண்டனையின் அளவு, அதன் சட்டத்தன்மை தவிர வேறு எதையும் எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். பொருந்தும் வழக்குகளில் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கக் கேளுங்கள். தண்டனையால் வரும் தகுதியிழப்பு அப்படி விடுவிக்கப்பட்டவரைச் சேராது என்கிறது அதன் 12ஆவது பிரிவு. விண்ணப்பத்தில் கேஸ் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்குகளை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. மறைத்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

கரியாலூர் தம்பியிடம், கேஸை அழிக்கும் மனு எங்களிடம் இல்லை என்ற உண்மையைச் சொன்னோம். தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பமும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தோம். "அண்ணே, அன்னிக்கு ஒரு வக்கீல் இருந்திருந்தா?" என்று கேட்டான். இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

நம் கோரிக்கை பெரியதல்ல. காண்ட்ராக்டரிடம் கேட்கும் அதே மூன்று கேள்வியைத் தொழிலாளியிடமும் கேளுங்கள். தண்டனையா? தொடர்பு உண்டா? எத்தனை காலம்? வேலை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அரசு விடும் ஒவ்வொரு டெண்டரிலும் இது நிபந்தனையாக இருக்க வேண்டும். சட்டம் படிக்கும் தோழர்கள், உங்கள் மாவட்டத்து டெண்டர் நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்!