கருவில் தெரியும் இதயமும் ஊவாத் தோட்டங்களும்

பிறக்கவிருக்கும் குழந்தையின் வருங்காலத்தை அறிய விழையும் ஆவல் மிகப் பழமையானது. சாதகம் கணிப்போர்கூடக் குழந்தை பிறக்கும் நேரம்வரை காத்திருத்தல் வேண்டும். இன்றைய மருத்துவமோ, பிறப்புக்கு நாலைந்து மாதங்கள் முன்னரே சிசுவின் இதயத்தைத் திரையிற் கண்டு, அதற்கு நேரக்கூடியதை ஓரளவு எடுத்துரைக்கின்றது.

உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இதயத்திற் பிறவிக் குறைபாடு காணப்படுகின்றது. இவற்றுட் பல தாமாகவே சீரடைவன; அல்லது ஆறுதலாகச் சிகிச்சை பெறத்தக்கன. சில மட்டும் முதல் நாட்களிலேயே உயிரைப் பறிப்பன. இதயத்தினின்று புறப்படும் இரு பெருங் குருதிக்குழாய்கள் இடம் மாறி அமைந்திருத்தல் அத்தகையது. கருவில் இக்குறை தீங்கு செய்வதில்லை. தொப்புட்கொடி வழியே ஒட்சிசன் கிடைத்துவிடுகின்றது. பிறந்தபின், கருக்காலத்துக்கென அமைந்த சிறு குழாயொன்று மூடத் தொடங்கியதும் குழந்தை நீலம் பாரிக்கின்றது. அக்குழாயைத் திறந்து வைத்திருக்க மருந்து உண்டு. பெருங்குழாய்களை மாற்றிப் பொருத்தச் சத்திரசிகிச்சையும் உண்டு. வேண்டுவது காலமே.

இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் நோக்கும் ஸ்கேன் பரிசோதனையில் இக்குறை தப்பிவிடக்கூடும். அறைகள் ஒழுங்காகவே தோன்றும். 18 முதல் 22 வாரங்களுக்கிடையில், வெளிச்செல்லும் குழாய்களையும் தேர்ந்த கண்ணொன்று தேடிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு முன்னறிவதன் பயன் யாதென்பதைப் பாரிஸ் நகர மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு தெளிவுறுத்தியது. பிறந்தபின் இக்குறை கண்டறியப்பட்ட 250 குழந்தைகளுள் 15 பேர் சத்திரசிகிச்சைக்கு முன்னரே இறந்தனர். கருவிலேயே கண்டறியப்பட்ட 68 பேருள் ஒருவரேனும் இறக்கவில்லை. குறை ஒன்றே, குழந்தை பிறந்த இடமும் அங்கு காத்திருந்த ஆயத்தமுமே வேறு.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆதலின், இந்நாட்டில் இக்கணிப்பின் முதன்மையான பயன், குழந்தை எங்கே பிறத்தல் வேண்டும் எனத் தீர்மானிப்பதேயாகும்.

ஊவாவின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ கொழுந்து பறிக்கும் கர்ப்பிணித் தாயொருத்தி பதுளை நகர வைத்தியசாலைக்குச் செல்வதாயின், தோட்டத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று திரும்ப ஒரு பகல் கழியும். நாட்கூலியை நம்பியிருப்பவளுக்கு அன்று செக்ரோலிற் பேர் விழாது. சிறுவர் இதயச் சத்திரசிகிச்சைக்கு முதன்மை நிலையமான றிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையோ கொழும்பில், இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. நீலம் பாரித்த சிசுவை மலைப்பாதை வழியே கொண்டுசெல்வது காலத்தோடு நடத்தும் போராட்டம். அதே சிசுவைத் தாயின் வயிற்றில் வைத்தே முற்கூட்டி அனுப்புவது எளிது, பாதுகாப்பானது.

திரை காட்டுவது முடிந்த தீர்ப்பன்று. சில குறைகள் தவறிப்போகும், சில எதிர்பார்த்ததினும் இலேசாக முடியும். இதனைத் தாய்க்கும் தந்தைக்கும் அவர்தம் மொழியில், அச்சமூட்டாது எடுத்துரைத்தல் வேண்டும். லயன் காம்பராவரை நடந்துவரும் குடும்பநல மருத்துவமாதுக்கு இதில் மருத்துவ நிபுணருக்கு நிகரான பங்குண்டு. பரிசோதனை நாளின் கூலியும், பயணச் செலவும், பேறுகாலத்திற் கொழும்பில் ஒரு கட்டிலும் உறுதிப்படுமாயின், கருவில் கண்ட இதயம் பிறந்த பின்னும் துடிக்கும். அவையின்றேல், வரப்போகும் துயரை முன்னரே அறிவித்ததோடு விஞ்ஞானத்தின் பணி நின்றுவிடும்.