கம்பியா, கண்ணாடி உறையா?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. பல் போகாமல் வரிசை தவறி நின்றாலும் சொல் குறையத்தான் செய்கிறது. வாய்விட்டுச் சிரிக்கத் தயங்கிக் கையால் வாயை மறைத்துக்கொள்ளும் தோழியர் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! அவர்களுள் நானும் ஒருத்தியாக இருந்தேன். என் மேல்வரிசையில் கோரைப்பற்கள் இரண்டும் இடம் கிடைக்காமல் ஈறுக்கு மேலே ஏறி முளைத்திருந்தன. "தெத்துப்பல் அதிர்ஷ்டமடி" என்று பாட்டி தேற்றுவார். ஆனால் பல்லிடுக்கில் உணவு தங்கி ஈறு வீங்கி, துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசிந்தது. இது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று என்பது அப்போது வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது.

சென்ற கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையில் உள்ள பல் சீரமைப்பு மருத்துவரிடம் அப்பா என்னை அழைத்துச் சென்றார். அந்த அம்மையார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, நாம் 'கிளிப்' என்று சொல்லும் உலோகக் கம்பி. மற்றொன்று, பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த, கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை. அதற்கு 'அலைனர்' என்று பெயர். கம்பிக்கு ரூ. 45,000 ஆகும் என்றும், உறைக்கு ரூ. 1,70,000 ஆகும் என்றும் சொல்லி, வீட்டில் பேசி முடிவு செய்யச் சொன்னார்.

பல் எலும்பில் அடித்த ஆணி போல அசையாதது என்று நான் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. பல்லை ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்து எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்கிறது. கம்பி ஆனாலும் உறை ஆனாலும் இயற்கை செய்யும் வேலை ஒன்றுதான்.

இவற்றுள் கம்பியே மூத்தது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே, உலோகப் பட்டையோடு பற்களை நூலால் கட்டி நேராக்கும் முறை உள்ளது. பல்லின் மேல் பொருத்தும் சிறு பிடிப்பும், அதன் செவ்வகப் பள்ளத்தில் பொருந்தும் கம்பியும் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1920-களில் வகுத்தளித்தவை. உறையோ நேற்று வந்தது. கணினியின் துணைகொண்டு அதனைச் செய்யும் அலைன் டெக்னாலஜி நிறுவனம் 1997-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜியா சிஷ்டி என்பவர் தாமே கம்பி அணிந்தவர். கம்பி கழற்றிய பின் போட்டுக்கொண்ட சாதனமே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்பர்.

உறையின் நன்மைகள் பல. அது பிறர் கண்ணுக்கு எளிதில் தெரியாது. கழற்றி வைத்துவிட்டு விரும்பியதை உண்ணலாம். பல்லை நன்றாகத் துலக்கலாம். ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும். ஓர் உறை பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். பிறகு ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ அடுத்த உறை. கழற்றி வைத்ததை மறந்தால் வேலை நின்றுவிடும்.

கம்பிக்கு நம் நினைவாற்றல் தேவையில்லை. நாம் தூங்கினாலும் அது தூங்காது. ஆனால் உதட்டின் உட்புறம் உரசிப் புண்ணாகும். முறுக்கு, கமர்கட்டு, கடலை மிட்டாய் எல்லாவற்றுக்கும் விடை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் சிறு தூரிகையால் சுத்தம் செய்யாவிட்டால் பல்லில் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

வீட்டில் கருத்துகள் பலவாயின. "பெண் பிள்ளை, போட்டோவில் கம்பி தெரியுமே" என்றார் அத்தை. என் பெரியம்மா மகள் வங்கியில் பணிபுரிகிறார். முன்பற்களில் சிறு இடைவெளி இருந்ததால் அவர் உறை அணிந்து எட்டே மாதங்களில் நலம் பெற்றவர். அவர் உறையைத்தான் சிபாரிசு செய்தார். கைப்பேசி விளம்பரத்தைக் கண்ட மாமா, மருத்துவரே வேண்டாம், தபாலில் வரவழைக்கலாம் என்றார். ஆனால் அவ்வாறு அஞ்சலில் உறை விற்றுவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்னும் அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டு, சிகிச்சை பாதியில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். வேரையும் எலும்பையும் எக்ஸ்ரேயில் பாராமல் பல்லை நகர்த்தலாமா?

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிரவு பீரோவைத் திறந்து, தம் இரு வளையல்களையும் எடுத்துத் துணியில் முடிந்து வைத்ததை நான் கண்டேன். அடகுக் கடைக்குத்தான் என்று சொல்லாமலே விளங்கியது.

மறுநாள் மருத்துவரிடம் நானே கேட்டேன்: "என் பல்லுக்கு எது உறுதியான வழி, டாக்டர்?" அவர் சொன்னார்: "நெருக்கம் சிறிதாக இருந்தால் உறையே போதும். உனக்கு இடமில்லை. மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, கோரைப்பற்களை வேரோடு கீழே இறக்க வேண்டும். உறையாலும் முயலலாம், ஆனால் கம்பியின் பிடி உறுதியானது."

"கம்பியே போதும், அப்பா" என்றேன். அப்பாவின் முகம் வாடியது. "பணத்துக்காகச் சொல்கிறாயாம்மா?" என்று கேட்டார். "பணமும் ஒரு காரணம்தான், அப்பா. அது மட்டுமல்ல. டாக்டர் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா?" என்றேன். அப்பா சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வளையல்கள் மீண்டும் அம்மாவின் கைக்கே வந்தன.

கம்பி போட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. முதல் வாரம் சாம்பாரில் ஊறிய இட்லியும் கஞ்சியுமே உணவு. 'தண்டவாளம்' என்று வகுப்பில் எனக்குப் பெயர் சூட்டினார்கள். இரயில் எப்போது வரும் என்று நானும் சேர்ந்து கேட்டேன். பொங்கலன்று தம்பி கரும்பைக் கடிக்க, நான் சாறு குடித்தேன். இப்போது ஈற்றில் இரத்தம் கசிவதில்லை. இடப்பக்கக் கோரைப்பல் முக்கால் பங்கு இறங்கிவிட்டது. இன்னும் ஓராண்டுக்கு மேல் கம்பி இருக்கும். பின்பும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்க, ரிட்டெய்னர் என்னும் சாதனத்தை நெடுநாள் அணிய வேண்டும். உறை அணிந்தவர்களுக்கும் இதில் விலக்கில்லை.

தோழியரே, நான் கம்பியைத் தேர்ந்தேன் என்பதால் நீங்களும் அதையே தேர வேண்டும் என்பதில்லை. உங்கள் பல்லுக்கு ஏற்றது எது, உங்களால் நாள்தோறும் கடைப்பிடிக்கக் கூடியது எது, வீட்டார் வருந்தாமல் தாங்கக் கூடியது எது என்று கேட்டுப் பாருங்கள். பிறர் கண்ணுக்கு எது தெரியாது என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வுக்காகப் புகைப்படம் எடுத்தபோது, வாயை மூடிக்கொள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் மூடவில்லை. அத்தை சொன்னது சரிதான். படத்தில் கம்பி நன்றாகவே தெரிகிறது. சிரிப்பும் தெரிகிறது.