49 ஓட்டும் 200 வேட்டியும்

2016 மே 19, வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்கெல்லாம் கைபேசியை அணைத்து வைத்துவிட்டேன். சார்ஜ் இல்லை என்று வீட்டில் சொன்னது பொய். வள்ளியூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கூப்பிட்டுவிடுவானோ என்ற பயம்தான்.

ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பு அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணாச்சி, ஈரோட்டுல சரக்கு எடுக்கப் போறேன். கட்சி வேட்டில எந்தக் கரைய அதிகமாப் போடட்டும்?" என்று கேட்டான். ஒரு வார இதழில் தென்மாவட்ட அரசியல் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வியே ஒரு மாலை மாதிரி விழுந்தது. "கறுப்பு சிவப்பு. கண்ண மூடிட்டு எடுப்பா" என்றேன். இருநூறு வேட்டி எடுத்தான். கடனுக்கு.

என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 1989-இல் தி.மு.க., 91-இல் அ.தி.மு.க., 96-இல் தி.மு.க., 2001-இல் அ.தி.மு.க., 2006-இல் தி.மு.க., 2011-இல் அ.தி.மு.க. ஊஞ்சல் ஆடுவதுபோல மாறி மாறி. 1984-இல் எம்.ஜி.ஆருக்குப் பிறகு, ஆண்ட கட்சி எதுவும் அடுத்த தேர்தலில் கோட்டைக்குத் திரும்பியதில்லை. போதாக்குறைக்கு முந்தைய டிசம்பரின் சென்னை வெள்ளம், டாஸ்மாக் எதிர்ப்பு, எங்கள் பக்கம் கூடங்குளம் போராட்டத்தின் ஆறாத கோபம். எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி, ராதாபுரம் தொகுதியில் தி.மு.க. பத்தாயிரம் ஓட்டில் ஜெயிக்கும் என்று அச்சில் எழுதினேன். ஆறே ஆறு தேர்தலை வைத்துக்கொண்டு அதை இயற்கையின் விதி என்று நம்பியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஆறு தடவை பூவா தலையா போட்டாலும் சில சமயம் மாறி மாறித்தான் விழும்.

கள ஆய்வு என்று நான் சொல்லிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடை, பேருந்து நிலையம், கோர்ட்டு வாசல், கல்யாண மண்டபத்துத் திண்ணை. பேசியவர்கள் எல்லாம் ஆண்கள். அதிலும் பேசப் பிரியப்பட்டவர்கள். எங்கள் ஊர்த் தெருக்களில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைத் தாண்டித்தான் தினமும் போய்வந்தேன். ஒரே ஒரு தரம் ஒரு அம்மாவிடம் நின்று கேட்டேன். சுற்றிய கையை நிறுத்தாமல், "யாரு வந்தா என்னய்யா, நாமதான சுத்தணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆட்சி மீதான அதிருப்தி என்று குறித்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. வாயைத் திறக்காதவர்களை எல்லாம் என் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன்.

முடிவு வந்தது. அ.தி.மு.க. 134, தி.மு.க. 89. ராதாபுரத்தில் தி.மு.க. வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். அந்த 49-ஐப் பிடித்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் தனி. "வெறும் நாற்பத்தொன்பதுதான் தப்பியது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பத்தாயிரம் என்று எழுதியவனுக்குத் தப்பியது 10,049 என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அதைவிடக் கேவலம் அடுத்த வாரக் கட்டுரை. என் பழைய கட்டுரைகளை எல்லாம் துழாவி, எங்கோ ஒரு மூலையில் 'போட்டி கடுமையாகத்தான் இருக்கும்' என்று ஒப்புக்கு எழுதி வைத்திருந்த வரியைக் கண்டெடுத்தேன். அதைத் தலைமேல் தூக்கிவைத்து, 'நாம் முன்பே சுட்டிக்காட்டியதுபோல' என்று ஆரம்பித்தேன். மக்கள் நலக் கூட்டணி ஓட்டைப் பிரித்தது, பணம் விளையாடியது என்று காரணங்கள் சரசரவென வந்தன. ஒரு வாரத்துக்கு முன்பு இதற்கு நேர் எதிரான முடிவுக்கும் இதே சரளத்தோடு காரணம் வைத்திருந்தவன் நான். மாநிலம் முழுக்க இரு அணிக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒரு சதவீத ஓட்டுதான். அது இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் மகா மேதை. அப்போதும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

2011-இல் நடந்தது அதுதான். ஆட்சி மாறும் என்று எழுதினேன், மாறியது. ஆனால் சொற்ப வித்தியாசத்தில், தொங்கலில் முடிந்தாலும் முடியலாம் என்றும் சேர்த்தே எழுதியிருந்தேன். அ.தி.மு.க. அணி 203 இடங்களை அள்ளியது. சொன்னதில் பாதி சுத்தமாகத் தப்பு. யாருக்கும் அது ஞாபகமில்லை. கணக்குப் புலி என்று பெயர் மட்டும் வந்தது. என்னைக் கெடுத்தது 2016-இன் தோல்வி இல்லை, அந்தப் பெயர்தான். பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 284 நிபுணர்களின் கணிப்புகளை இருபது வருடம் போலத் தொடர்ந்து பார்த்து 2005-இல் புத்தகம் போட்டார். பேர் பெற்ற, அடிக்கடி மேடை கிடைத்த நிபுணர்கள்தான் கூடுதலாகத் தவறினார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

49 ஓட்டில் முடிந்த அந்த ராதாபுரம் தேர்தல் வழக்காகி உயர்நீதிமன்றம் போனது. நிராகரிக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகள், கடைசி மூன்று சுற்றுகள் என்று 2019 அக்டோபரில் மறுபடி எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அது வெளிவரவே இல்லை. எண்ணி முடித்த ஓட்டுக்கே இந்தக் கதி. போடாத ஓட்டை நான் டீக்கடையில் எண்ணியிருக்கிறேன். அந்த அக்டோபரில் பேப்பரைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'நம்ம கணிப்பு பலிச்சிரும் போல.'

இப்போது கட்டுரை எழுதுவதில்லை. தேர்தலுக்கு முன் ஒரு நோட்டில் எண்ணைக் குறித்து, தேதி போட்டு வைப்பதோடு சரி. 2024 ஜூன் 1 இரவு, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 என்று தொலைக்காட்சிகள் அள்ளி விட்டதையும், நான்காம் தேதி அது 293-இல் நின்றதையும் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் 340.

வேட்டிக் கதை பாக்கி. அந்த 2016 மே 19 சாயங்காலம் கைபேசியைப் போட்டதும் வள்ளியூர்த் தம்பியின் அழைப்பு வந்தது. திட்டுவான் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, மனசு கஷ்டப்படாதீங்க" என்றான். வட்டி எவ்வளவு கட்டினான் என்று நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் கொஞ்சம் விற்றது. மீதி அலமாரியிலேயே கிடந்து மடிப்பு பழுத்துப்போனது. 2021 மே மாதம் தி.மு.க. ஜெயித்து, ராதாபுரத்தில் அப்பாவும் ஜெயித்தபோது, அதையும் விலை குறைத்துத் தள்ளிவிட்டான். அன்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, நீங்க சொன்னது அப்படியே பலிச்சிட்டு. என்ன, அஞ்சு வருசம் பிந்திட்டு."

கேலி என்று தெரியும். ஆனாலும் 'பலிச்சிட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு நொடி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.