பேர் இல்லாத நாள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் 'பேர்' என்னும் சொல் ஒருவரின் பெயரை மட்டும் குறிப்பதன்று. ஒரு நாள் உழைப்பும் அதற்குரிய கூலியுமே அங்கு பேர் எனப்படும். நாள் முழுதும் நின்று குறித்த அளவு கொழுந்து கொடுத்தவளுக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். நோயுற்று லயத்திற் படுத்திருந்தவளுக்குப் பேரே இல்லை.

ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த மக்களும் இச்சொல்லோடு வாழ்ந்தவர்களே. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்கு இரவிற் காய்ச்சல் கண்டால், விடியுமுன் அவள் மனத்தில் ஓடுவது மருந்தைப் பற்றிய எண்ணமன்று. அம்மாதத்தில் இதுவரை எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்ற கணக்கே. பக்கத்துக் காம்பராக்காரியிடம், "கங்காணி ஐயாகிட்ட சொல்லிருக்கா" என்று சொல்லி அனுப்புவாள். மறுநாட் பெரட்டில், "என்னம்மா, நேத்து பேரு இல்லையே?" என்பார் கங்காணி. "காச்சலுங்க ஐயா." விண்ணப்பமும் விசாரணையும் அவ்வளவே. தோட்ட மருந்தகத்து மாத்திரைக்கு விலையில்லை. படுத்திருந்த நாளுக்கோ விலையுண்டு.

அவள் பறித்த தேயிலைக்குக் கொழும்புக் காரியாலயமொன்றிற் கணக்கெழுதும் எழுதுவினைஞரின் நிலை வேறு. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, சுகவீனத்திற்கோ சொந்த அலுவலுக்கோ ஆண்டில் 7 நாள் வரை அவர் சம்பளத்துடன் விடுமுறை பெறலாம். தோட்டத்து ஆண்டு விடுமுறையோ முன்னர் உழைத்த நாள்களின் தொகையைப் பொறுத்தது. வராதவருக்கு விடுமுறையும் சுருங்கும். மலையில் வழுக்கி விழுந்து காலொடிந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உண்டு. உடம்பு முறிவதையும் பிள்ளை பிறப்பதையும் கண்ட சட்டத்தின் கண்ணுக்குச் சாதாரணக் காய்ச்சல் படவில்லை போலும். இத்தனைக்கும், விவசாயத் தொழிலாளரின் நோய்க் காப்புறுதிக்கென்றே சர்வதேசத் தொழில் தாபனம் 1927இலேயே ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது.

2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தை 620 ரூபா என்றது. அதில் 450 ரூபாவே அடிப்படைச் சம்பளம்; விலைப் பங்கு 30 ரூபா; எஞ்சிய 140 ரூபா வருகைக்குரிய ஊக்குவிப்புத் தொகை. வேலை வழங்கப்பட்ட நாள்களில் நூற்றுக்கு 75 பங்கேனும் வந்தவருக்கே அது கிடைக்கும். 25 நாள் வேலையுள்ள மாதத்தில் 18 நாளே வந்தவள், வராத 7 நாளின் கூலியோடு, வந்த 18 நாளுக்குமுரிய 2520 ரூபாவையும் இழப்பாள். நெருப்புக் காய்ச்சல் 7 நாளில் விட்டுப் போவதில்லை. ஆகவே உடம்பு அனலாய்க் கொதிக்கையிலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுபவளை அறியாமை உடையவள் என்பது அறியாதார் கூற்று. அவள் கணக்கிற் பிழையில்லை.

அவ்வொப்பந்தம் நடப்பிலிருந்த காலத்திலேதான், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மீரியபெத்த லயங்களின்மேல் மலை சரிந்தது. ஆபத்தான சரிவென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. நூற்றுக்கு மேற்பட்டோர் புதையுண்டனர் என்று முதலில் அஞ்சப்பட்டது. வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருந்தோர் உயிருடன் இருப்பது தெரியவரவே அத்தொகை குறைந்தது. வேலைநாட் காலையொன்றில் எந்த லயத்திலும் எஞ்சியிருப்போர் முதியோர், கைக்குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்வோர், உடம்புக்கு முடியாதோர் ஆகியோரே. வேலைக்குப் போனதே அன்று உயிர்காத்தது என்று இதற்குப் பொருள் கொள்வது கொடுமை. நோயாளி தலைசாய்க்கும் கூரையை நிற்கத் தகாத நிலத்தில் நிறுத்தியிருந்ததே அங்கு நேர்ந்த குற்றம்.

உயிர்தப்பியோர் பாடசாலைகளிலும், பின்னர் மக்கள்தெனியவிலிருந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். 2016இற் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் வருகைத் தொகை நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், வேலைக்கு வருவோருக்கு நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவை மீண்டும் முன்மொழிந்தது.